ஏசியின் பகுதிச்சுமைக் கணக்கு: சிமுலேஷனில் எங்கே தவறுகிறோம்?

ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் கட்டட எனர்ஜி சிமுலேஷன். அதில் ஏசிக்கு நாம் கொடுக்கும் டன்னும் (குளிர்த்திறன்) சிஓபியும் (ஒரு வாட் மின்சாரத்துக்கு எத்தனை வாட் குளிர் என்ற விகிதம்) முழுச்சுமைக்கு உரியவை. ஆனால் எந்த ஏசியும் ஆண்டு முழுக்க முழுச்சுமையில் ஓடுவதில்லை. கத்திரி வெயில் பிற்பகல்களை விட்டால் மிச்ச நேரமெல்லாம் பாதிச் சுமை, கால் சுமைதான். அந்த நேரத்தில் மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது சில கர்வ்களும் (நிலை மாறும்போது திறன் எப்படி மாறும் என்று சொல்லும் சமன்பாடுகள்), மென்பொருளில் யாரும் திறந்து பார்க்காத சில கட்டங்களும். எனர்ஜிப்ளஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளை வைத்தே பேசுகிறேன். டிசைன்பில்டர், ஓப்பன்ஸ்டுடியோ என்று எதில் வேலை செய்தாலும் அடியில் ஓடுவது அதுதான்.

அதிகம் கண்ணில் படும் தவறு, ஸ்டார் லேபிளில் இருக்கும் ஐஎஸ்இஇஆர் (இந்தியப் பருவகால ஆற்றல் திறன் விகிதம்) எண்ணை அப்படியே சிஓபி கட்டத்தில் போடுவது. லேபிளில் 5 என்றால் சிஓபியும் 5! ஆனால் அது ஒரு பருவச் சராசரி. வெளி வெப்பநிலை 24 முதல் 43 டிகிரி வரை, ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஏசி ஓடுவதாக வைத்துக் கணக்கிட்டது. கம்ப்ரசரின் வேகத்தை மாற்றி ஓடும் இன்வெர்ட்டர் ஏசி என்றால் பாதிச் சுமைச் சோதனையின் பலனும் அதில் சேர்ந்திருக்கும். சிமுலேஷன் கேட்பதோ வெளியே 35 டிகிரி, முழுச்சுமை என்ற ஒரே நிலையின் திறன். வெளியே 28 டிகிரியாக இறங்கும்போது திறன் கூடுவதை அதன் வெப்பநிலை கர்வ் தானே பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்இஇஆரைப் போட்டுவிட்டால் அந்த லாபம் இரண்டு முறை கணக்கில் ஏறும். மின் நுகர்வு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கம்பெனியின் டேட்டா ஷீட்டில் முழுச்சுமைக் குளிர்த்திறனும் அதற்கான வாட்டும் தனியாக இருக்கும். அவற்றை எடுங்கள்.

எடுத்தபின்னும் ஒரு வேலை பாக்கி. எனர்ஜிப்ளஸின் டிஎக்ஸ் காயிலில் (குளிர்பதனப் பொருள் நேராகக் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) உள்ள சிஓபியில் உள் ஃபேனின் மின்சாரம் சேராது. ஃபேன் தனி ஆப்ஜெக்ட். ஸ்பிளிட் ஏசியில் இதனால் வரும் வித்தியாசம் சிறியது. டக்ட் வழியே காற்றை அனுப்பும் டக்டபிளில் அப்படியில்லை. ஒரு 10 டன் மெஷினின் ஷீட்டில் குளிர்த்திறன் 35 கிலோவாட், மொத்த மின்சாரம் 11.5 கிலோவாட், அதில் உள் ஃபேன் 1.5 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேராக வகுத்தால் 3.04. ஆனால் ஷீட்டில் இருப்பது ஃபேனின் சூட்டைக் கழித்த நிகரத் திறன். சூட்டைத் திரும்பக் கூட்டி, ஃபேனின் மின்சாரத்தைக் கழித்தால் 36.5-ஐ 10-ஆல் வகுக்க வேண்டும், 3.65 வரும். 3.04-ஐயும் போட்டு, ஃபேனையும் தனியாக மாடல் செய்தால் ஒரே ஃபேனுக்கு இரண்டு பில்.

இனி பகுதிச்சுமை கர்வ். குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஒற்றை வேக கம்ப்ரசர் பாதிச் சுமையில் பாதி வேகத்தில் ஓடாது. ஓடி, நின்று, மறுபடி ஓடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முழுக் குளிர் வரச் சிறிது நேரம் பிடிக்கும், மின்சாரமோ முதலிலிருந்தே போகும். இந்த இழப்பைச் சொல்வதுதான் பிஎல்எஃப் (பகுதிச்சுமைக் காரணி) கர்வ். வழக்கமாகப் பயன்படும் வடிவம்: பிஎல்எஃப் = 0.85 + 0.15 × பிஎல்ஆர். சுமை விகிதமான பிஎல்ஆரை இதனால் வகுத்தால் கம்ப்ரசர் ஓடும் நேரத்தின் பங்கு கிடைக்கும். சுமை 0.3 என்றால் பிஎல்எஃப் 0.895, ஓடும் பங்கு 0.335. இழப்புக் குணகம் 0.15-க்குப் பதில் 0.25 என்றால் ஓடும் பங்கு 0.364. கர்வே வேண்டாம் என்று 1-ஐப் போட்டால் 0.30. அந்தச் சுமையில் இரண்டு ஓரங்களுக்கும் இடையே 21 சதவீத வித்தியாசம்.

தண்ணீரைக் குளிர்வித்து அனுப்பும் சில்லருக்கான கர்வ் வேறு ரகம். அது இழப்பைச் சொல்வதில்லை. இந்தச் சுமையில் முழுச்சுமை மின்சாரத்தில் எத்தனை பங்கு என்று நேராகச் சொல்லும். 0.3 சுமையில் 0.35 என்று இருக்கலாம். அதைத் தூக்கி பிஎல்எஃப் இடத்தில் ஒட்டுபவர்கள் உண்டு. எனர்ஜிப்ளஸ் 0.7-க்குக் கீழான பிஎல்எஃபை ஏற்காது, 0.7 என்று மாற்றிக்கொண்டு, எச்சரிக்கையை எர்ர் ஃபைலில் (பிழைகள் பதிவாகும் கோப்பு) எழுதிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் பங்கு 0.43 ஆகிவிடும், அதாவது 0.335-ஐவிட 28 சதவீதம் அதிகம். ரன் நிற்காமல் முடிந்துவிடுவதால் எர்ர் ஃபைலை யாரும் திறப்பதில்லை. கர்வின் மதிப்பு ரேட்டட் நிலையில் (திறனை அளந்த நிலையில்) 1-லிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகினாலும் அங்கேதான் சொல்லும்.

இன்வெர்ட்டரை ஒற்றை வேகக் காயிலாகப் போட்டு, பிஎல்எஃபை 1 ஆக்கிச் சமாளிப்பது இன்னொரு வழக்கம். சுமை குறையக் குறைய இன்வெர்ட்டரின் திறன் கூடுகிறது. காயில்கள் அப்படியே இருக்க, கம்ப்ரசர் மட்டும் மெதுவாகச் சுற்றுவதே காரணம். பிஎல்எஃப் 1 என்பது இழப்பை நீக்கும், லாபத்தைத் தராது. பல வேகங்களுக்குத் தனித்தனியாகத் திறன் கொடுக்கும் மாறுவேகக் காயில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கடைசிக் குறைந்த வேகத்துக்கும் கீழே சுமை போனால் இன்வெர்ட்டரும் நின்று நின்றுதான் ஓடும். ஒரே வெளி யூனிட்டில் பல உள் யூனிட்கள் ஓடும் விஆர்எஃபில் இந்தக் குறைந்தபட்சச் சுமை விகிதத்துக்கென்றே ஒரு கட்டம் உண்டு.

கர்வ் எல்லாம் சரியாக இருந்தும், மென்பொருளே ஏசியின் திறனைத் தீர்மானிக்கும் ஆட்டோசைஸை நம்பினால் பிஎல்ஆரே தப்பாகும். ஆலோசகர் ஒரு பாதுகாப்பு விகிதம் வைப்பார், விற்பவர் இன்னொன்று வைப்பார், கடைசியில் 1 டன் போதும் என்ற அறையில் 1.5 டன் மாட்டியிருக்கும். மாடலில் 60 சதவீதச் சுமை என்றால் நிஜத்தில் 40. மெஷின் வாங்கியாயிற்று என்றால் அதன் திறனையே எழுதுங்கள். ஒரே ஹாலில் இரண்டு 5 டன் மெஷின் இருந்தால் ஒரு 10 டன் என்று சுருக்குவதும் இதே வகைத் தவறு. பாதிச் சுமையில் ஒன்று முழுதாக ஓட மற்றொன்று சும்மா இருக்கக்கூடும். சுருக்கிய மாடலுக்கு அது தெரியாது.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ஈரப்பதம். ஃபேன் நிற்காமல் ஓட, கம்ப்ரசர் மட்டும் நின்று நின்று ஓடும் அமைப்பில், காயிலில் தங்கிய நீர் கம்ப்ரசர் நின்ற நேரத்தில் ஆவியாகி அறைக்கே திரும்பும். தெர்மோஸ்டாட்டில் 24 சரியாக இருக்கும், அறை மட்டும் பிசுபிசுவென்று இருக்கும். இதற்கு ஹென்டர்சனும் ரெங்கராஜனும் 1996-இல் கொடுத்த மாடல் எனர்ஜிப்ளஸில் இருக்கிறது, ஆனால் கட்டங்கள் இயல்பாக பூஜ்யத்தில் கிடக்கும். பூஜ்யம் என்றால் இந்த விளைவே இல்லை என்று பொருள். ஆவணத்தில் சொல்லும் வழக்கமான மதிப்புகள்: நீர் சொட்டத் தொடங்கும் நேரம் 1000 விநாடி, ஆவியாதல் விகிதம் 1.5, மணிக்கு அதிகபட்சம் 3 சுழற்சி, நேர மாறிலி 45 விநாடி. இவற்றைப் போட்டு, ஐப்பசி மழை நாள் ஒன்றில் காயிலின் ஓடும் பங்கையும் அறையின் ஈரப்பதத்தையும் மணிக்கணக்கில் அச்சிட்டுப் பாருங்கள். பூஜ்யமாக விட்ட ரன்னோடு பக்கத்தில் வையுங்கள். இரண்டு ரன்னிலும் ஈரப்பதம் ஒன்றாகவே வந்தால் ஃபேன் ஷெட்யூலைத் திறந்து பாருங்கள். கம்ப்ரசரோடு ஃபேனும் நிற்கும்படி வைத்திருந்தால் இந்த மாடல் வேலையே செய்யாது.