வீட்டுக்கும் காருக்கும் சின்ன மிக் வெல்டிங் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

கேட், ஸ்டாண்டு மாதிரி வீட்டு வேலைக்கும், துருப்பிடித்த கார் தகட்டுக்கும் ஒரே மெஷின் போதும். கடையில் முதலில் காட்டுவது '200 ஆம்ப்' ஸ்டிக்கரைத்தான். அதை நம்பி இறங்காமல் இந்த வரிசையில் பாருங்கள். ராடு போட்டு அடிக்கும் ஆர்க் மெஷின் வேறு. இது கம்பி தானாக ஓடிவரும் மிக், பட்டறைகளில் சிஓ2 வெல்டிங் என்பார்களே, அது.

1. முதலில் உங்கள் வீட்டு பிளக். 100 ஆம்பில் மிக் ஓடும்போது ஆர்க்கில் சுமார் 19 வோல்ட் இருக்கும், அதாவது ஏறக்குறைய 2 கிலோவாட். மெஷினுக்குள் வீணாவதையும் பவர் ஃபேக்டரையும் (இழுத்தும் வேலையாக மாறாத கரண்ட்) சேர்த்தால் சுவரிலிருந்து 15 ஆம்ப் வரை இழுக்கும். ஆக 16 ஆம்ப் பிளக்கில் நிஜமாகக் கிடைப்பது 100 ஆம்ப் சொச்சம். 2 மிமீ ஸ்கொயர் பைப்புக்கு அது போதும். எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் 2.5 சதுர மிமீ செம்பு ஒயருக்குக் குறையக் கூடாது. சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சூடேறும்.

2. அடுத்து, ஆம்ப் எவ்வளவு கீழே இறங்குகிறது? கார் பாடித் தகடு பெரும்பாலும் 0.7, 0.8 மிமீதான். 30 ஆம்பிலும் ஆர்க் நிதானமாக எரிகிற மெஷின் வேண்டும், இல்லையென்றால் ஓட்டைதான். வோல்டேஜுக்கும் கம்பி வேகத்துக்கும் தனித்தனிக் குமிழ் இருந்தால் நல்லது.

3. போலாரிட்டி, அதாவது பிளஸ் எதில், மைனஸ் எதில் என்பது. புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் கேஸோடு சாதாரணக் கம்பி (ஈஆர்70எஸ்-6) ஓட்டினால் டார்ச் (கம்பி வெளியே வரும் கைப்பிடி) பிளஸ், இரும்பில் கடிக்கும் எர்த் கிளாம்ப் மைனஸ். கேஸ் தேவைப்படாத, உள்ளே பொடி அடைத்த ஃப்ளக்ஸ் கோர் கம்பி (இ71டி-ஜிஎஸ்) என்றால் அப்படியே தலைகீழ்: டார்ச் மைனஸ், எர்த் பிளஸ். மாறிப்போனாலும் ஆர்க் எரியத்தான் செய்யும், அதுதான் சிக்கல். பொறி தெறிக்கும், உலோகம் உள்ளே இறங்காமல் மேலேயே குவியும். நீங்கள் கம்பியையும் கையையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். கடையிலேயே பக்கக் கதவைத் திறக்கச் சொல்லி, பிளஸ் மைனஸ் மாற்றும் இடம் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். மாற்றவே வழி இல்லாத மெஷினும் உண்டு, அதைத் தொடாதீர்கள்.

கம்பி மாற்றும்போது அதைத் தள்ளிவிடும் ரோலரையும் கவனிக்கணும். சாதாரணக் கம்பிக்கு வி பள்ளம், ஃப்ளக்ஸ் கோருக்குப் பல் வெட்டிய ரோலர். ஃப்ளக்ஸ் கோர் உள்ளே பொடி அடைத்த குழாய் என்பதால் அழுத்தம் கூடினால் நசுங்கி டார்ச்சுக்குள் சிக்கும்.

4. கேஸா, கேஸ் இல்லாமலா? கார் தகட்டுக்கு என் ஓட்டு கேஸுக்குத்தான், அதிலும் 80 ஆர்கான், 20 சிஓ2 கலவை. வெறும் சிஓ2 விலை குறைவு, ஆனால் தெறிப்பு அதிகம். மொட்டை மாடியிலும் வாசலிலும் காற்றடிக்கும் இடத்தில் கேட் வேலை என்றால் ஃப்ளக்ஸ் கோர்.

5. டார்ச். மெஷினோடு ஒட்டியே வருவதைவிட யூரோ கனெக்டரில் கழற்றி மாட்டும் 'எம்பி 15' மாடல் டார்ச் எனக்குப் பிடிக்கும். டிப், நாசில் எளிதாகக் கிடைக்கும். டியூட்டி சைக்கிளையும் கேளுங்கள்: 100 ஆம்பில் 60% என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், நாலு நிமிடம் ஆற விடணும்.

பின்சேர்க்கை: கேஸ் போட்டும் வெல்டில் புழு அரித்த மாதிரி துளை வருகிறது என்று சிலர் கேட்டார்கள். கேஸ் ஃப்ளோ நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர் வரை இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் தலைக்கு மேலே ஓடும் ஃபேனை நிறுத்துங்கள். பெயின்ட், துரு எதுவும் இல்லாமல் தகட்டை கிரைண்டரில் வெள்ளையாக எடுத்திருக்கணும். காரில் கை வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடியுங்கள். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்து வேலை என்றால் டிங்கரிங் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.