ஒரே ரா கோப்பு, மூன்று மென்பொருள்: நாமே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கேமரா சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருப்பது ரா (RAW) கோப்பு. அதைப் படமாக்கும் வேலையை ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் செய்யும். எது நல்லது என்று யூடியூபில் தேடிக்கொண்டிருப்பதைவிட, நம் கேமராவில் எடுத்த படத்தை வைத்து நாமே பார்த்துவிடலாம்.

முதலில் மென்பொருள். கேமரா நிறுவனம் தருவது ஒன்று: கேனான் என்றால் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கான் என்றால் என்எக்ஸ் ஸ்டுடியோ. கூடவே டார்க்டேபிள் (darktable), ராதெரபி (RawTherapee). எல்லாமே இலவசம். அடோபியின் லைட்ரூம் மென்பொருளுக்குச் சந்தா கட்டுவதெல்லாம் அப்புறம்.

அடுத்து படம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வெயிலில் நிற்கும் பூவை எந்த மென்பொருளும் அழகாகத்தான் காட்டும். முரண்டு பிடிக்கிற படம் வேண்டும். காலையில் ஏற்காடு லேடீஸ் சீட் பக்கம் போங்கள். பின்னால் வெளுத்த மூடுபனி, முன்னால் நிழலில் ஒரு முகம், இரண்டும் ஒரே படத்தில் வரட்டும். கேமரா சுருக்கித் தரும் ஜேபெக் (JPEG) படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. அந்தப் பனியிலும் நிழலிலும்தான் வித்தியாசம் தெரியும். இன்னொரு படம் வெள்ளிக் கொலுசு. சேலத்தில் அதற்கா பஞ்சம்! கறுப்புத் துணியில் வைத்து ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 100-இல் ஒன்று, 3200-இல் ஒன்று எடுங்கள்.

இப்போது திறந்து பாருங்கள். நிறுவன மென்பொருளில் கேமரா திரையில் பார்த்த அதே நிறம் வரும். டார்க்டேபிளில் சற்றுச் சோகையாகத் தெரியலாம். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். எல்லாவற்றிலும் கூர்மையாக்கலையும் நாய்ஸ் (புள்ளி இரைச்சல்) குறைப்பையும் அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சமநிலைக்கு (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது) கெல்வின் எண்ணை நம்பவேண்டாம், மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு நிறத்தைச் சரிசெய்யும் ஸ்பாட் கருவியால் ஒரே சாம்பல் நிற இடத்தைத் தொடுங்கள். (வெள்ளை வேட்டி சரிப்படாது, அதில் நீலம் போட்டிருப்பார்கள்!) பிறகு முகத்தின் வெளிச்சம் மூன்றிலும் ஒன்றாக வரும்வரை எக்ஸ்போஷரை நகர்த்துங்கள்.

பனியின் வெளுத்த ஓரம் இளஞ்சிவப்பாகத் திரிகிறதா? நிழலை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) தூக்கினால் நிறத் திட்டுகள் வருகின்றனவா? கொலுசின் சிறு மணிகளை 100 சதவீதத்தில் பாருங்கள், பொய்யான பச்சையும் ஊதாவும் அங்கேதான் தலைகாட்டும். ராதெரபியில் இதற்கு டிமொசைக் முறையை (சென்சார் புள்ளிகளிலிருந்து முழு நிறத்தைக் கணிக்கும் முறை) மாற்றலாம்: ஐஎஸ்ஓ 100 படத்துக்கு அமேஸ் (AMaZE), 3200-க்கு எல்எம்எம்எஸ்இ (LMMSE).

மூன்றையும் 16 பிட் டிஃப் (TIFF) படக் கோப்பாக எடுத்து, வீட்டில் யாரையாவது விட்டு அ, ஆ, இ என்று பெயர் மாற்றச் சொல்லுங்கள். பெயர் தெரியாமல் பார்த்தால்தான் கண் நேர்மையாக இருக்கும்.

என் கணக்கில், முகங்களுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாதது நிறுவன மென்பொருள். நுணுக்கத்துக்கு ராதெரபி. பனியை மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்தப் பகுதியை மட்டும் பிரித்து, திருத்த டார்க்டேபிள். ஒன்று மட்டும்: ராதெரபியிலும் டார்க்டேபிளிலும் திருத்தங்கள் ரா கோப்புக்குள் போகாது. ராதெரபி பிபி3 (.pp3), டார்க்டேபிள் எக்ஸ்எம்பி (.xmp) என்று பக்கத்திலேயே சிறு கோப்பு வைக்கும். படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது அவற்றையும் சேர்த்தே நகலெடுங்கள்.