24 டிஸ்க்கில் 20தான் தெரிகிறதா? முதலில் ஸ்லாட்டை எண்ணுங்கள்

சர்வரில் டிஸ்க் காணோம் என்றதும் புது டிஸ்க்குக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். ஒரு தாளில் பெட்டியின் முன்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்லாட் காலி என்று குறியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

வரிசையாக நான்கு காணவில்லையா? நான்கும் ஒரே ராத்திரியில் செத்திருக்காது. எக்ஸ்பாண்டர் (ஒரே கேபிளை நிறைய டிஸ்க்குக்குப் பிரித்துக் கொடுக்கும் சிப்) இல்லாத பேக்பிளேனில் (டிஸ்க்குகள் பின்னால் போய்ச் செருகும் பலகை) ஒரு மினி சாஸ் கேபிளுக்கு (பேக்பிளேனிலிருந்து டிஸ்க் கார்டுக்குப் போகும் டேட்டா கேபிள்) நான்கு டிஸ்க் என்பதுதான் கணக்கு, அதனால் சர்வரை அணைத்துவிட்டு அந்தக் கேபிளைக் கழற்றி 'டக்' என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பேக்பிளேன் பக்கம் மட்டும் பக்கத்து வரிசைக் கேபிளோடு மாற்றிச் செருகுங்கள். கோளாறு அடுத்த வரிசைக்குத் தாவினால் கேபிள் அல்லது கார்டின் போர்ட்; அங்கேயே நின்றால் பேக்பிளேன், இல்லை அதற்குப் போகும் மோலெக்ஸ் பவர்.

மொத்தமும் காணோம் என்றால் எச்பிஏ கார்டை, அதாவது அந்தக் கேபிள்களை மதர்போர்டோடு இணைக்கும் கார்டைப் பாருங்கள். லினக்ஸில் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையில் கார்டே வரவில்லையென்றால் வேறு பிசிஐஇ ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். கார்டு ரெய்டு மோடில் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் முறை) இருந்தாலும் டிஸ்க்கைத் தனித்தனியாகக் காட்டாமல் போகலாம்.

ஒன்றே ஒன்று காணோமா? நன்றாக ஓடும் ஸ்லாட் ஒன்றில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் சுழலவில்லை, ஆனால் அது எக்ஸ்டெர்னல் டிரைவை உடைத்து எடுத்தது என்றால் அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள் (நான் ஒரு சாயங்காலம் முழுக்க இதில் மண்டையை உடைத்துக்கொண்டேன்). சாட்டா என்னும் டிஸ்க் இணைப்புத் தரத்தின் 3.3 பதிப்பு விதிப்படி பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் 'நின்றுகொள்' என்று அர்த்தம், பழைய பேக்பிளேனோ அதில் சும்மாவே வோல்டேஜ் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தப் பின்மேல் கேப்டன் டேப்பை (Kapton, மின்சாரம் கடத்தாத டேப்) மெல்லிசாக வெட்டி ஒட்டினால் சரியாகிவிடும்.

டிஸ்க் தெரிகிறது, கொள்ளளவு மட்டும் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் பழைய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து கழற்றிய 520 பைட் செக்டர் (டேட்டா எழுதப்படும் துண்டு) உள்ள சாஸ் டிஸ்க்காக இருக்கும். எஸ்ஜி ஃபார்மேட் (sg_format) என்ற கட்டளை கொண்டு வழக்கமான 512க்கு மாற்றலாம். பல மணி நேரம் ஆகும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

ஒவ்வொரு பூட்டுக்கும் வேறு வேறு டிஸ்க் காணாமல் போனால்? பவர் சப்ளை. 3.5 இஞ்ச் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், 24 டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் டிஸ்க்குக்கு மட்டும் 576 வாட். கார்டின் பயாஸில் ஒவ்வொன்றாகக் கிளப்பும் ஸ்டாகர்டு ஸ்பின்அப் இருந்தால் ஆன் செய்யுங்கள்.

அப்புறம், ரீபில்ட் (செத்த டிஸ்க்கில் இருந்ததைப் புது டிஸ்க்கில் மறுபடி எழுதும் வேலை) ஓடும்போது எதையும் உருவாதீர்கள். ட்ரேயில் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டி வைத்திருந்தால் தப்பான டிஸ்க்கில் கை போகாது.