தண்ணீர் மீட்டர் போட்டால் பில் குறையுமா? இங்கிலாந்து, வேல்ஸில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பழைய வீட்டில் இருக்கிறீர்களா? தண்ணீர் பில்லை எடுத்து, கட்ட வேண்டிய தொகையைப் பார்த்ததோடு மூடி வைக்காமல் உள்பக்கத்தையும் பாருங்கள். அங்கே 'ஆர்.வி.' என்றோ 'ரேட்டபிள் வேல்யூ' என்றோ போட்டு அதை வைத்துக் கணக்குப் பண்ணியிருந்தால், நீங்கள் மீட்டர் இல்லாத கணக்கில் இருக்கிறீர்கள். அந்த எண் உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று 1973 வாக்கில் போட்ட மதிப்பு. 1990-ல் அந்த மதிப்பை வைத்து வாங்கிய பழைய வீட்டுவரி முறையையே எடுத்துவிட்டார்கள், மதிப்பு அப்படியே உறைந்து நின்றுவிட்டது, இப்போது அதை எதிர்த்து முறையிடவும் வழியில்லை. வீட்டில் ஒருத்தர் இருந்தாலும் ஒன்பது பேர் இருந்தாலும் பில் அதேதான்.

அதனால்தான் "நாங்கள் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற ஆட்கள், மீட்டர் போட்டால் கண்டிப்பாக லாபம்" என்று முடிவு கட்டுவது சரிப்படாது. சிக்கனம் இரண்டாம் பட்சம். உங்கள் வீட்டுக்கு 1973-ல் போட்ட மதிப்பு எவ்வளவு, இன்றைக்கு அந்த வீட்டில் எத்தனை தலை, இந்த இரண்டும்தான் முக்கால்வாசி முடிவைச் சொல்லிவிடும்.

யாருக்கு இந்தக் கேள்வியே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990 ஏப்ரலுக்குப் பிறகு கட்டிய வீடு என்றால் பெரும்பாலும் மீட்டர் ஏற்கெனவே இருக்கும். பழைய வீடாக இருந்தாலும், முன்பு குடியிருந்தவர் மீட்டர் போட்டுவிட்டுப் போயிருந்தால் அது வீட்டோடு சேர்ந்ததுதான், நீங்கள் கழற்றச் சொல்ல முடியாது. தென்கிழக்கு இங்கிலாந்து மாதிரி தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள பகுதி என்று அறிவித்த இடங்களில் உங்களைக் கேட்காமலே நிறுவனம் மீட்டர் போடலாம். ஸ்காட்லாந்தில் தண்ணீர்க் கட்டணம் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரியோடு, அதில் உங்கள் வீடு எந்தப் பேண்டில் (மதிப்புப் படியில்) இருக்கிறது என்பதை வைத்து வருகிறது, அங்கே மீட்டர் வேண்டுமென்றால் செலவு உங்களுடையது, கட்டுப்படியாவது அபூர்வம். வட அயர்லாந்தில் வீடுகளுக்குத் தண்ணீர் பில்லே கிடையாது. மற்றவர்கள் மேலே படியுங்கள்.

எல்லோரும் சொல்லும் ஒரு வாய்க்கணக்கு உண்டு: படுக்கையறைகளின் எண்ணிக்கையை விட ஆட்கள் குறைவாகவோ அதே எண்ணிக்கையிலோ இருந்தால் மீட்டரைப் பற்றி யோசியுங்கள் என்று. மூன்று அறை வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இது அப்படியே பொருந்தும், அவர் இன்னும் மீட்டர் போடாமல் இருந்தால் வருஷாவருஷம் வீணாகக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் வீடுகள் அவ்வளவு ஒழுங்காக அறைக்கு ஒருத்தர் என்று இருப்பதில்லையே. அப்பா அம்மா, மூன்று பிள்ளைகள், ஊரிலிருந்து விசாவில் வந்து ஆறு மாதம் தங்கும் மாமியார், மேல் அறையில் வாடகைக்கு ஒரு மாணவன். அங்கே வாய்க்கணக்கு போதாது, பேனா எடுக்க வேண்டும்.

கணக்கு இப்படி. இப்போது வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு விஷயம், பல இடங்களில் குடிநீர் ஒரு நிறுவனம், கழிவுநீர் வேறு நிறுவனம். ஹாரோவில் இருப்பவர்களுக்குக் குடிநீர் அஃபினிட்டி வாட்டரிடமிருந்து வருகிறது, கழிவுநீர் தேம்ஸ் வாட்டருக்குப் போகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் மீட்டர் வந்தால் இரண்டு கட்டணமும் மாறும். அப்புறம் உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் இந்த ஆண்டுக்கான கட்டணப் பட்டியலைத் தேடுங்கள், அது ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். அதில் மீட்டர் உள்ள வீட்டுக்கான பகுதியில் நிலையான கட்டணங்கள் எவ்வளவு, ஒரு கனமீட்டருக்கு எவ்வளவு என்று இருக்கும். ஒரு கனமீட்டர் என்றால் 1000 லிட்டர்.

இப்போது கட்டும் தொகையிலிருந்து மீட்டர் வீட்டுக்கான நிலையான கட்டணங்களைக் கழியுங்கள். மிச்சத்தை ஒரு கனமீட்டர் விலையால் வகுங்கள், குடிநீரும் கழிவுநீரும் சேர்ந்த விலையால். வரும் விடைதான் நீங்கள் இப்போது கட்டும் காசுக்கு மீட்டரில் வருடத்துக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்பது, இதைச் சமன் எண் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே செலவழித்தால் லாபம், மேலே போனால் நஷ்டம்.

எண் வைத்துப் பார்த்தால் புரியும். கணக்குக்காக வருடம் 640 பவுண்டு கட்டுவதாக வைத்துக்கொள்வோம், மீட்டர் வீட்டின் நிலையான கட்டணம் 80, கனமீட்டர் 4 பவுண்டு (இவை என் கற்பனை எண்கள், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்). 640-ல் 80 போனால் 560, அதை 4-ஆல் வகுத்தால் 140 கனமீட்டர். இங்கே சராசரியாக ஒருத்தர் நாளைக்குச் சுமார் 140 லிட்டர் செலவழிக்கிறார், வருடத்துக்கு ஏறக்குறைய 50 கனமீட்டர். அப்படியானால் இந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தால் 100 கனமீட்டர்தான் ஆகும், தாராளமாக லாபம். மூன்று பேர் என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள், ஆளுக்கு 128 லிட்டருக்குள் அடக்கினால்தான் சமன். நான்கு பேர் என்றால் ஆளுக்கு 96 லிட்டர், அதுவும் தினமும், வருடம் முழுக்க. வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால் அந்தக் கனவை விட்டுவிடலாம்.

கழிவுநீருக்கும் தனி மீட்டரா என்று கேட்கலாம். இல்லை. உள்ளே வந்த தண்ணீரில் பெரும்பகுதி, பெரும்பாலும் நூற்றுக்குத் தொண்ணூறோ அதற்கு மேலோ, சாக்கடைக்குப் போனதாக அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். தோட்டத்துக்கு ஊற்றியது, குடித்தது எல்லாம் அந்த மிச்சத்தில் அடக்கம்.

சராசரி 140 லிட்டர் என்பது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பது வேறு. விளிம்பில் இருப்பவர்கள் மட்டும் இந்த அடுத்த வேலையைச் செய்தால் போதும், கணக்கில் தெளிவாக லாபமோ நஷ்டமோ தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஒரு வாளியை ஷவருக்குக் கீழே வைத்து, நீங்கள் வழக்கமாகத் திறக்கும் அளவுக்குத் திறந்து, சரியாக ஒரு நிமிடம் பிடியுங்கள். எத்தனை லிட்டர் என்று அளவுக் குவளையால் பாருங்கள். சாதாரண மின்சார ஷவர் என்றால் 5, 6 லிட்டர் வரும், பம்ப் வைத்த பவர் ஷவர் என்றால் 15-ஐயும் தாண்டும், வாளி நிரம்பி வழிவதைப் பார்க்கும்போதுதான் உறைக்கும். அதை ஒருத்தர் குளிக்கும் நிமிடங்களால், ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். குளியல் தொட்டியை நிரப்பிக் குளித்தால் ஒரு தடவைக்கு 80 லிட்டர் அளவில். டாய்லெட் ஃப்ளஷ் பழையது என்றால் ஒரு தடவைக்கு 9 லிட்டரும் அதற்கு மேலும், 2001-க்குப் பிறகு வந்தவை என்றால் 6 அல்லது அதற்குக் கீழே. வாஷிங் மெஷினுக்கு ஒரு தடவைக்குச் சுமார் 50. ஒரு வாரம் காகிதத்தில் கோடு போட்டு எண்ணினால் ஓரளவு உண்மையான எண் கிடைத்துவிடும். இதில் குழாயைத் திறந்துவிட்டு அரிசி கழுவுவதும் பாத்திரம் தேய்ப்பதும் எல்லோரும் கணக்கில் விடுகிற இடம், ஓடும் குழாய் நிமிடத்துக்கு 6 லிட்டருக்குக் குறையாது.

தோட்டத்தில் ஹோஸ் பிடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1000 லிட்டர். அதாவது மேலே சொன்ன கற்பனை விலையில் ஒரு மணி நேரம் கறிவேப்பிலைக்கும் தக்காளிக்கும் ஊற்றினால் 4 பவுண்டு.

இன்னொன்று, மீட்டர் போட்டால் ஷவர் நேரம் குறையும், கேஸ் பில்லும் குறையும் என்று அந்த மிச்சத்தையும் மீட்டர் கணக்கில் சேர்க்கிறார்கள் சிலர். வெந்நீரைக் குறைத்தால் கேஸ் மிச்சமாவது உண்மைதான், ஆனால் அதற்கு மீட்டர் எதற்கு? இன்றைக்கே குறைக்கலாம். அதை மீட்டரின் வரவில் எழுதாதீர்கள்.

கணக்கு லாபம் என்று காட்டினாலும், விண்ணப்பிக்கும் முன் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மீட்டர் இல்லாத வீட்டில் கசிவு உங்கள் பாக்கெட்டைத் தொடாது, மீட்டர் வந்த அன்றிலிருந்து ஒவ்வொரு சொட்டும் உங்கள் கணக்கு. பெரிய திருடன் டாய்லெட்தான், இரண்டு பொத்தான் வைத்த தொட்டிகளில் உள்ளே உள்ள ரப்பர் தேய்ந்து தண்ணீர் சத்தமே இல்லாமல் பின்சுவரில் வழிந்துகொண்டிருக்கும், நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் இப்படிப் போகலாம். இரவில் கடைசியாக ஃப்ளஷ் பண்ணி அரை மணி கழித்து, பீங்கானின் பின்பக்கத்தைத் துடைத்து, காய்ந்த டிஷ்யூ ஒன்றை அங்கே ஒட்டிவிட்டுப் படுங்கள். காலையில் யாரும் போவதற்கு முன் பாருங்கள், ஈரமாகவோ கிழிந்தோ இருந்தால் கசிகிறது. மாற்றும் ரப்பர் மலிவான சாமான்தான். வீட்டு எல்லைக்கு உள்ளே மண்ணுக்கடியில் வரும் குழாயும் பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்புதான், அதில் கசிந்து பில் எகிறினால் பல நிறுவனங்கள் ஒரு தடவை தள்ளுபடி தரும், ஆனால் சீக்கிரம் சரிசெய்திருக்க வேண்டும்.

சரி, விண்ணப்பிப்பது எப்படி? நிறுவனத்தின் இணையதளத்திலோ போனிலோ கேட்டால் போதும், வீடுகளுக்கு மீட்டரும் பொருத்தும் வேலையும் இலவசம். வாடகை வீடா? ஒப்பந்தம் 6 மாதமோ அதற்கு மேலோ இருந்து பில் உங்கள் பெயரில் வந்தால் நீங்களே கேட்கலாம், ஆனாலும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நீங்கள் போன பிறகும் மீட்டர் அங்கேதான் இருக்கப் போகிறது. ஃபிளாட்டுகளிலும், வரிசை வீடுகளில் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரே குழாய் போகும் இடங்களிலும், பொருத்த முடியாது என்று சொல்லிவிடக் கூடும். அதோடு விட்டுவிடாதீர்கள். மீட்டர் போட முடியாத வீட்டுக்கு 'அசெஸ்டு சார்ஜ்' என்று ஒரு மாற்றுக் கட்டணம் உண்டு, தனியாக இருப்பவர்களுக்கு அதில் குறைந்த விலை வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. இப்போதைய பில்லை விட அது குறைவா என்று கேளுங்கள், கூடுதலாக இருந்தால் பழையதிலேயே இருக்கலாம்.

திரும்பிப் போகும் வழி பொதுவாக 2 ஆண்டு திறந்திருக்கும், அதற்குள் கட்டுப்படியாகவில்லை என்று சொன்னால் பழைய கணக்குக்கே மாற்றிவிடுவார்கள். விதி நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும் என்பதால் கெடு எந்தத் தேதி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கெடு தாண்டினால் கதவு மூடிவிடும். ஆகவே இன்றைய தலைக்கணக்கு மட்டும் போதாது, அடுத்த ஐந்தாறு வருடத்தையும் பாருங்கள். பெரிய பிள்ளைகள் யூனிவர்சிட்டிக்குப் போகும் வயதில் இருந்தால் மீட்டர் பக்கம் சாய்வது சரி. இப்போதுதான் கல்யாணமாகி இரண்டு பேர் பெரிய வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், குழந்தைகள் வந்த பிறகும் அந்த மீட்டர்தான், அதுவரை மிச்சமாகும் பணத்தோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

பெரிய குடும்பம், அரசு உதவித்தொகையும் வாங்குகிறீர்கள் என்றால் 'வாட்டர்ஷ்யூர்' பற்றிக் கேளுங்கள். வருமானத்தை வைத்துத் தரும் உதவித்தொகை பெறும் வீட்டில், சைல்டு பெனிஃபிட் வாங்கும் 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது அதிகத் தண்ணீர் தேவைப்படும் நோய் யாருக்காவது இருந்தால், மீட்டர் பில்லுக்கு உச்சவரம்பு போட்டுவிடுவார்கள், அந்த நிறுவனத்தின் சராசரி பில்லுக்கு மேல் போகாது. வேடிக்கை என்னவென்றால் இது மீட்டர் உள்ளவர்களுக்கு மட்டும்தான். அதிக ஆர்.வி. உள்ள வீட்டில் இருக்கும் ஐந்தாறு பேர் குடும்பத்துக்குச் சில சமயம் இதனாலேயே மீட்டர் லாபமாகிவிடும்.

மீட்டர் கட்டுப்படியாகாதவர்களும் ஒன்றைக் கேட்கலாம். உங்கள் கூரையில் விழும் மழைத்தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் தோட்டத்து மண்ணுக்கடியில் உள்ள குழிக்குப் போகிறது என்றால், மழைநீர் வடிகால் கட்டணத்தைப் பில்லிலிருந்து எடுக்கச் சொல்லலாம். கூரைக் குழாய் எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிட்டுப் போன் போடுங்கள்.

மீட்டர் பொருத்திய நாளிலேயே அதன் படத்தை எடுத்து வையுங்கள். பெரும்பாலும் நடைபாதையில் சின்ன மூடிக்குக் கீழே இருக்கும், சில வீடுகளில் கிச்சன் சிங்குக்கு அடியில். மூடியைத் தூக்கினால் சிலந்தியும் ஈரமும்தான் இருக்கும், போன் டார்ச் அடித்துக் கண்ணாடியைத் துடைத்தால் எண் தெரியும். கறுப்பு எண்கள் கனமீட்டர், பில்லுக்கு அவைதான் கணக்கு, சிவப்பு எண்கள் லிட்டர். ஓர் இரவு எந்தக் குழாயையும் தொடாமல் படுத்து காலையில் சிவப்பு எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மாதம் ஒரு தடவை படம் எடுத்து, அந்த மாதம் ஓடிய கனமீட்டரை, நீங்கள் போட்ட சமன் எண்ணைப் பன்னிரண்டால் வகுத்து வருவதோடு ஒப்பிட்டு வாருங்கள், கெடு தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள்.