அந்தத் துப்பாக்கி எந்த வழியாக வந்தது?

2022 மே 24. டெக்சாஸில் யுவால்டி என்ற சின்ன ஊர். தொடக்கப் பள்ளி ஒன்றில் புகுந்த 18 வயதுப் பையன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். மறுநாள் காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், கோபியிலிருந்து பெரிய மாமா கேட்டார்: "ஏன் மாப்ளே, அந்த நாட்டுல துப்பாக்கியத் தடை பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே?"

நான் பதில் தட்டுவதற்குள் டல்லாஸில் இருக்கும் சித்தி பையன் முந்திக்கொண்டான். "துப்பாக்கி என்னங்க மாமா பண்ணும்? கெட்டவன் கத்தியிலயும் கொல்லுவான்." அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அறுபது எழுபது மெசேஜ். யாரோ ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார்.

இந்தச் சண்டையை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், போட்டும் இருக்கிறேன். இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே தவறுகளைத்தான் செய்கின்றன.

முதல் நாள் செய்தியை வைத்து வாதாடுவது

2012 டிசம்பர் 14 அன்று கனெடிகட்டின் நியூடவுனில், சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அன்று மதியம் பெரிய தொலைக்காட்சிகளே சுட்டவன் என்று சொல்லிக் காட்டியது அவனுடைய அண்ணனை. அந்த மனிதர் அப்போது வேறு மாநிலத்தில் வேலையில் இருந்தார். சுட்டவனின் தாய் அந்தப் பள்ளி ஆசிரியை என்ற செய்தியும் தப்பு.

யுவால்டியிலும் இதே கதை. போலீஸ் துணிச்சலாகக் குண்டுச் சத்தத்தை நோக்கி ஓடியது என்று ஆளுநர் கிரெக் அபட் மறுநாள் பாராட்டினார். இரண்டு நாள் கழித்து, தனக்குத் தவறான தகவல் தரப்பட்டது என்றார். மொத்தம் 376 போலீஸார் வந்து குவிந்தும், அந்த வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது என்பது பிறகுதான் வெளிவந்தது. "நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் போதும்" என்று அந்த முதல் நாள் கதையை நம்பி எழுதியவர்கள் அதன்பின் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அதற்காக "இது அரசியல் பேசும் நேரமல்ல" என்று வாயடைப்பதும் சரியில்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று 51 பேர் கொல்லப்பட்டார்கள். ஆறாம் நாள் அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்குத் தடையை அறிவித்தார். ஏப்ரல் 10 அன்று நாடாளுமன்றத்தில் 119க்கு 1 என்று சட்டம் நிறைவேறியது. சட்டம் பேச நேரம் பார்க்க வேண்டாம். விவரம் தெரியாமல் பேசாமல் இருந்தால் சரி.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுவது

என் கணக்கில் பெரிய தவறு இதுதான். "துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா" என்று சண்டை போடுகிறோமே தவிர, இவன் கைக்கு இந்தத் துப்பாக்கி எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது லேசில் பிடிபடாது. இங்கே துப்பாக்கி வேண்டுமென்றால் கலெக்டர் ஆபீஸுக்கோ கமிஷனர் ஆபீஸுக்கோ நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்க வேண்டும். தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் நாடு முழுக்கச் செல்லும் லைசென்ஸ் முறை என்று ஒன்று கிடையாது. லைசென்ஸ் கடைக்காரருக்குத்தான். வாங்குகிறவர் கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புவார். குற்றத் தண்டனை உண்டா, வீட்டில் அடித்துத் தண்டனை பெற்றதுண்டா, மனநலக் காரணத்துக்காக நீதிமன்ற உத்தரவு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். கடைக்காரர், மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ நடத்தும் கணினிச் சோதனைக்கு அதை அனுப்புவார். கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது, பொறுங்கள் என்று மூன்றில் ஒரு பதில் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடைக்காரர் அல்லாத தனி ஆளிடம் வாங்கினால் மத்தியச் சட்டப்படி இந்தச் சோதனையும் வேண்டாம். சில மாநிலங்கள்தான் கேட்கின்றன.

இதைத் தெரிந்துகொண்டு ஒவ்வொரு சம்பவமாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம், 2007 ஏப்ரல் 16. 32 பேர் இறந்தார்கள். அவர்களில் ஈரோடு மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து அங்கே பேராசிரியராக இருந்த ஒருவரும் உண்டு. மாமாவுக்கு இந்த விஷயத்தில் கோபம் அன்றிலிருந்தே. சுட்ட மாணவனால் அவனுக்கே ஆபத்து என்று 2005இலேயே நீதிமன்றம் சொல்லி, சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தது. மத்தியச் சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. ஆனால் மருத்துவமனையில் சேர்க்கும் உத்தரவைத்தான் வர்ஜீனியா மாநிலம் கணினிக்கு அனுப்பி வந்தது, வெளிநோயாளி உத்தரவை அனுப்பவில்லை. சோதனையில் பெயர் வரவில்லை. இரண்டு கைத்துப்பாக்கிகளை முறைப்படி வாங்கினான்.

சார்ல்ஸ்டன், 2015 ஜூன் 17. கறுப்பின மக்களின் தேவாலயத்தில் பைபிள் வகுப்பில் 9 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் துப்பாக்கி வாங்கப்போனபோது வந்த பதில் "பொறுங்கள்". அவன் மேலிருந்த போதைப்பொருள் வழக்கு எந்த ஊர்க் காவல்துறையில் இருக்கிறது என்ற குழப்பத்தில் எஃப்பிஐ ஊழியருக்கு ஆவணம் கிடைக்கவில்லை. மூன்று வேலை நாள் தாண்டியும் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்பது சட்டம். விற்றார்.

சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ், 2017 நவம்பர் 5. டெக்சாஸ் தேவாலயம், கருவில் இருந்த சிசுவையும் சேர்த்து 26 உயிர். சுட்டவன் விமானப் படையில் இருந்தபோது மனைவியையும் அவளுடைய குழந்தையையும் அடித்து 2012இல் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். அந்தத் தீர்ப்பை விமானப் படை எஃப்பிஐக்கு அனுப்பவே இல்லை. கடையில் சோதனை நடந்தது, ஒன்றும் அகப்படவில்லை. 2021இல் ஒரு நீதிபதி, இந்தச் சாவுகளுக்கு 60 சதவீதப் பொறுப்பு அரசுடையது என்றே தீர்ப்பளித்தார். அன்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தன் ரைஃபிளோடு வெறுங்காலில் ஓடிவந்து சுட்டவனைக் காயப்படுத்தித் துரத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தரப்பு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் பேசும். இன்னொரு தரப்பு அனுப்பப்படாத காகிதத்தை மட்டும் பேசும்.

சாண்டி ஹூக்கில் சுட்டவன் எதையும் வாங்கவே இல்லை. தாய் முறைப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்தவை. அங்கே கேள்வி பூட்டு, அலமாரி பற்றியது. ஆனால் அதைத் தொடர்ந்து செனட்டுக்கு வந்தது தனியார் விற்பனைக்கும் சோதனையை விரிவாக்கும் திருத்தம். 2013 ஏப்ரலில் 54 ஓட்டு ஆதரவாக விழுந்தது, தேவை 60. தோற்றது. நல்ல திருத்தம்தான் என்பேன். ஆனால் நியூடவுனைத் தடுத்திருக்குமா என்று எதிர்த்தரப்பு கேட்டபோது ஆதரித்தவர்கள் திணறினார்கள்.

யுவால்டியில் பையன் 18 முடிந்த மறுநாளிலிருந்து கடையில் முறையாக வாங்கினான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1968இலிருந்து கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்க வேண்டுமென்றால் வாங்குபவருக்கு 21 வயது ஆக வேண்டும். ரைஃபிளுக்கு 18 போதும். வேட்டைக்குப் போகும் பண்ணைப் பையன்களை நினைத்து எழுதிய விதி. அதே வாசல் வழியாக ஏஆர்-15 என்ற ராணுவ பாணி ரைஃபிள் வகையும் வந்துவிட்டது. 2022 ஜூன் 25 அன்று பைடன் கையெழுத்திட்ட சட்டம் இந்த வயதை உயர்த்தவில்லை. 21க்குக் கீழே உள்ளவர்களின் சிறார் கால ஆவணங்களையும் பார்க்கச் சொல்லி, சோதனைக்குப் பத்து வேலை நாள் வரை அவகாசம் கொடுத்தது. "அமெரிக்கா ஒன்றுமே செய்யவில்லை" என்று எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் எண்ணுவது

2021இல் இத்தகைய கூட்டுத் துப்பாக்கிச் சூடுகளில் எத்தனை பேர் இறந்தார்கள்? எஃப்பிஐ கணக்கில் 103. கன் வயலன்ஸ் ஆர்க்கைவ் என்ற அமைப்பின் கணக்கில் 706. இரண்டும் பொய் இல்லை. முன்னது, ஆட்கள் இருக்கும் இடத்தில் ஒருவன் கொல்ல முனைந்து திரியும் சம்பவங்களை எண்ணுகிறது. பின்னது, சுட்டவனைத் தவிர நான்கு பேருக்குக் குண்டு பட்டாலே, யாரும் சாகாவிட்டாலும், ஒரு சம்பவமாக எடுத்துக்கொள்கிறது. கும்பல் மோதலும் அதில் வரும், பிறந்தநாள் விருந்துத் தகராறும் வரும். சம்பவ எண்ணிக்கையை ஒன்றிலிருந்தும் அதன் வர்ணனையை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கோத்தால் எதிராளி ஒரே நிமிடத்தில் பிரித்துப் போட்டுவிடுவார்.

அதே 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் மொத்தம் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல் தற்கொலை. டிவியில் கேமரா போகாத சாவு இது. வாங்கிய துப்பாக்கி கைக்கு வரச் சில நாள் காத்திருக்கச் சொல்லும் விதி யுவால்டிக்கு உதவுமா என்று மட்டும் பார்த்தால் அற்பமாகத் தெரியும். இந்த 26,000ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது.

பெயர் தெரியாமல் பேசுவது

ஏஆர் என்பது ஆர்மலைட் என்ற கம்பெனிப் பெயரின் எச்சம். "தாக்குதல் ரைஃபிள்" என்பதன் சுருக்கம் இல்லை. கடையில் கிடைக்கும் ஏஆர்-15 விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டுதான் சுடும். அழுத்திப் பிடித்தால் பொழியும் இயந்திரத் துப்பாக்கி வேறு. அதைப் பொதுமக்களுக்காகப் புதிதாகப் பதிவு செய்வது 1986லேயே நிறுத்தப்பட்டது. இது தெரியாமல் "மெஷின் கன் விற்கிறார்கள்" என்று ஆரம்பித்தால், துப்பாக்கி வைத்திருப்பவர் அதற்குமேல் காது கொடுக்க மாட்டார். அவரும் இந்தச் சொல் பிழையைப் பிடித்துக்கொண்டே மொத்த விவாதத்திலிருந்தும் நழுவிவிடுவார். அது அவர் தரப்புத் தவறு.

லாஸ் வேகஸ் இதற்கு நல்ல உதாரணம். 2017 அக்டோபர் 1 அன்று ஹோட்டலின் 32ஆம் மாடியிலிருந்து ஒருவன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டான். 60 பேர் இறந்தார்கள். அவன் பயன்படுத்திய பம்ப் ஸ்டாக் என்ற சாதனம், துப்பாக்கியின் பின்னுதைப்பையே பயன்படுத்தி விரலில் விசையை மறுபடி மறுபடி மோத வைக்கும். டிரம்ப் அரசு அதைத் தடை செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அந்தத் தடையை நீக்கியது. "பம்ப் ஸ்டாக் வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை என்று கோர்ட் சொல்லிவிட்டது" என்று அன்று இரண்டு தரப்பும் எழுதின. கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. பழைய சட்டத்தில் உள்ள இயந்திரத் துப்பாக்கி என்ற வரையறைக்குள் இந்தச் சாதனம் வராது என்றது. வரையறையை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு வழி இருக்கிறது.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் பற்றியும் இதே நிலைமைதான். உச்ச நீதிமன்றத்தின் 2008 ஹெல்லர் தீர்ப்பு தனிமனித உரிமை என்றது, அது எல்லையற்றது அல்ல என்றும் அதே தீர்ப்பில் எழுதியது. குடும்ப வன்முறைத் தடையுத்தரவு உள்ளவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024இல் 8க்கு 1 என்று அதே நீதிமன்றம் ஏற்றது.

மற்றவை சுருக்கமாக. "ஆஸ்திரேலியா போலச் செய்" என்பவர்கள், 1996க்குப் பின் அங்கே அரசு மக்களிடமிருந்து திரும்ப வாங்கியது சுமார் 6,50,000 துப்பாக்கி, அமெரிக்கர்களிடம் இருப்பதாக 2017இல் மதிப்பிட்டது 39 கோடிக்கும் மேல் என்பதையும் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும். "சிகாகோவில் கடுமையான சட்டம், பார், என்ன ஆச்சு" என்பவர்கள், அங்கே பிடிபடும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு வெளி மாநிலத்தவை, அதிலும் இண்டியானா முதலிடம் என்பதைச் சொல்ல வேண்டும். "எல்லாம் மனநோய்" என்பவர்களுக்கு: மனநோய் எல்லா நாட்டிலும் இருக்கிறது.

யுவால்டி பற்றிக் குழுவில் சண்டை நடந்த அன்று இரவு மாமா தனியாகப் போன் செய்தார். "அப்ப எங்கதான் மாப்ளே ஏதாச்சும் நடந்துச்சு?"

ஃப்ளோரிடாவைச் சொன்னேன். 2018 பிப்ரவரி 14, பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர். சுட்டவன் 18 வயதில் கடையில் முறையாக ரைஃபிள் வாங்கியவன். பிழைத்த மாணவர்கள் பஸ் பிடித்துத் தலைநகர் டலஹாசிக்குப் போனார்கள். மூன்றே வாரத்தில், மார்ச் 9 அன்று, குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்துப் போட்டார்: எந்தத் துப்பாக்கி வாங்கவும் 21 வயது, மூன்று நாள் காத்திருப்பு, ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் தற்காலிகமாகப் பறிமுதல். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கம் அன்றே வழக்குப் போட்டது.

"அட, அப்படிப் போடு" என்றார் மாமா.

மறுநாள் குழுவில் டல்லாஸ் தம்பி வேறொரு செய்தியைப் பகிர்ந்தான்: ஃப்ளோரிடாவில் பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி, இதுதான் சரியான வழி என்று. அதுவும் ரிக் ஸ்காட் அன்று கையெழுத்திட்ட அதே சட்டத்தில்தான் இருக்கிறது.