ஆஸ்திரேலிய அவுட்பேக் வேட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பரப்பில், அவுட்பேக் என்று எல்லோரும் சொல்லும் பகுதியில், பன்றி, வெள்ளாடு, ஒட்டகம், கழுதை, நரி, பூனை, முயல் என ஒரு காலத்தில் மனிதர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய விலங்குகள் காடேறிப் பெருகிவிட்டன. இவற்றைச் சுடுவதற்கு அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. பன்றி, முயல் போன்றவற்றைக் கட்டுப்படுத்துவது பல மாநிலங்களில் நிலத்தை வைத்திருப்பவரின் கடமையாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிந்தைய இந்தியாவில் வேட்டை என்றாலே குற்றம் என்ற நினைப்போடு வளர்ந்து, பின்னர் அங்கே குடியேறி, நண்பர்களோடு முதன்முறையாகத் துப்பாக்கியுடன் புறப்படும் நம்மவர் சிலருக்கு இந்தச் சுதந்திரம் சற்று மயக்கத்தைத் தந்துவிடுகிறது. விலங்குக்குச் சொந்தக்காரர் இல்லையென்றால் நிலத்துக்கும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே கிளைக்கின்றன.

மணிக்கணக்காக வண்டி ஓட்டினாலும் ஒரு வீடுகூடக் கண்ணில் படாத நிலத்துக்கும் உரியவர் இருக்கிறார். தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக் என்ற ஒரே மேய்ச்சல் பண்ணையின் பரப்பு 15,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே வேலியைக் காணவில்லை என்பதற்காக அதைப் புறம்போக்கு என்று கொள்ள முடியாது. வட ஆட்புலத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) ஏறத்தாழப் பாதி நிலம் 1976ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின்கீழ் பழங்குடி மக்களுக்கு உரியது. அங்கே நுழைவதற்கே அந்தந்த நில மன்றத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். பொதுநிலத்தைப் பொறுத்தவரை மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. நியூ சவுத் வேல்ஸில் குறிப்பிட்ட சில அரசுக் காடுகளில் ஆர் வகை உரிமம் பெற்று வேட்டையாடலாம். குயின்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் பொழுதுபோக்கு வேட்டைக்குப் பொதுநிலம் திறந்துவிடப்படவில்லை. ஒரு மாநிலத்தில் பழகியவர் எல்லையைத் தாண்டியதும் அதே வழக்கத்தைத் தொடர்வதுதான் அடிக்கடி நேரும் பிழை. 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் துப்பாக்கிச் சட்டங்கள் நாடு முழுவதும் கடுமையாக்கப்பட்டன என்பதையும், துப்பாக்கியையும் தோட்டாவையும் வண்டியில் எப்படி வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதற்குக்கூட மாநிலந்தோறும் தனி விதி உண்டு என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

அனுமதி வாங்கியவர்களும் அதை முழுமையாக வாங்குவதில்லை. எந்தத் தேதிகளில், எந்தப் பகுதியில், எந்த விலங்கை என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இதில் எந்த விலங்கு என்ற கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பன்றி சுட அழைக்கப்பட்டவர், வழியில் கண்ட வெள்ளாட்டு மந்தையையும் சுட்டுத் தள்ளிவிட்டு, பண்ணைக்காரருக்கு உதவி செய்ததாக மகிழ்ந்துகொண்டிருப்பார். உண்மையில் அவர் செய்தது நட்டம். மேற்கு நியூ சவுத் வேல்ஸில் காடேறிய வெள்ளாடு நல்ல விலைக்குப் போகும் சரக்கு. நீர்த்தொட்டியைச் சுற்றி, உள்ளே வரலாம், வெளியே போக முடியாது என்ற வகையில் வாயில் வைத்த பட்டிகளை அமைத்து ஆடுகளைப் பிடித்து இறைச்சிக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ஆட்டிறைச்சி ஏற்றுமதியில் ஆஸ்திரேலியா உலகில் முன்னணியில் இருப்பதற்கு இந்த ஆடுகளே பெரிய காரணம். வறட்சி ஆண்டுகளில் செம்மறியாடு கைவிட்டபோது இவற்றை விற்றுப் பிழைத்த குடும்பங்கள் அங்கே உண்டு.

பன்றியின் கதை வேறு. தந்தம் நீண்ட பெரிய கடுவனை மட்டும் தேடிச் சுட்டுப் படம் எடுத்துக்கொண்டு, பெட்டைகளையும் குட்டிகளையும் விட்டுவிட்டு வருவதை வேட்டைக்காரர்கள் சாதனையாகக் கருதுகிறார்கள். பண்ணைக்காரருக்கு அதனால் பயன் ஏதுமில்லை. பன்றியின் சினைக்காலம் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். தீனி கிடைக்கும் ஆண்டில் ஒரு பெட்டை இருமுறை ஈனும். ஒரு பகுதியின் பன்றித்தொகையை உண்மையில் குறைக்க வேண்டுமானால் ஆண்டுக்குச் சுமார் 70 விழுக்காட்டை அகற்ற வேண்டும் என்பது அங்கே பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதனால்தான் பொறிக்கூண்டு வைப்பவர்கள் வாரக்கணக்கில் நொதித்த தானியத்தைக் கொட்டி, கதவைத் திறந்தே வைத்து, கூட்டம் முழுவதும் அச்சமின்றி உள்ளே வந்து தின்னப் பழகும்வரை காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அருகில் நான்கு வெடி வெடித்தால் கூட்டம் சிதறி அடுத்த பண்ணைக்குப் போய்விடும். எனவே பொறியோ நஞ்சு இரையோ எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே கேட்டறிய வேண்டும். நாயோடு வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: நரிக்கும் காட்டுநாய்க்கும் வைக்கப்படும் 1080 என்ற நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, இரையைத் தின்றாலும், இரை தின்று செத்த விலங்கைத் தின்றாலும் வளர்ப்புநாய் பெரும்பாலும் பிழைப்பதில்லை. உயிருள்ள பன்றிக்குட்டிகளைப் பிடித்து வேறிடத்தில் விட்டு அடுத்த ஆண்டு வேட்டைக்கு வழிசெய்து கொள்பவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம்.

இரவு வேட்டையில் ஒளிக்கற்றையை வீசியதும் புல்வெளியில் இரண்டு புள்ளிகள் பளிச்சிடும். விரல் உடனே விசையைத் தேடும். ஆனால் கன்றின் கண்ணும் மின்னும், செம்மறியின் கண்ணும் மின்னும், பண்ணைக்காரரின் நாயின் கண்ணும் மின்னும். புள்ளிகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன, அசையும்போது துள்ளுகின்றனவா நகர்கின்றனவா என்று பார்ப்பது தொடக்கம் மட்டுமே. முழு உடலும் தெளிவாகத் தெரியாதவரை சுடக் கூடாது. ஆஸ்திரேலியக் காட்டுநாயான டிங்கோ இன்னொரு சிக்கல். மேய்ச்சல் நிலத்தில் பலவிடங்களில் கொல்லப்படும் அதே விலங்கு, வட ஆட்புலத்தில் பாதுகாக்கப்பட்ட வனவுயிர். கங்காருவும் ஈமுவும் எத்தனை பெருகியிருந்தாலும் அந்த மண்ணுக்கே உரியவை; உரிய அனுமதியின்றி அவற்றைத் தொடக் கூடாது.

சமவெளியின் ஆபத்தை மலைநாட்டில் பழகியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பின்னால் மேடில்லாத இடத்தில் தவறிய பெரிய ரைஃபிள் தோட்டா மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் போகும். இறுகிக் காய்ந்த களிமண் படுகையிலும் சரளையிலும் பட்டுத் தெறித்துத் திசை மாறும். தொடுவானத்தில் நிற்கும் விலங்கைச் சுடவே கூடாது. நண்பகலில் தரைமேல் கானல் அலையும்போது தொலைநோக்கியில் தெரியும் உருவமே இடம் பெயர்ந்து தோன்றுமாதலால், தொலைவிலிருந்து சுடும் ஆசையைக் காலைக்கு ஒத்திவைக்க வேண்டும். முதிர்ந்த கடுவனின் தோளில் நார்த்திசு இறுகிய தடித்த கவசம் ஒன்று உண்டு. சிறிய, எளிதில் சிதையும் தோட்டா அதில் தங்கிவிட, காயம்பட்ட பன்றி புதருக்குள் போய் நாட்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும், அல்லது தேடி வருபவர்மேல் பாயும். ஒட்டகத்துக்கும் எருமைக்கும் போதிய வலுவுள்ள ரைஃபிள் கையில் இல்லையென்றால் அவற்றை விட்டுவிடுவதே முறை.

வறட்சியில் விலங்குகள் நீர்நிலையைத் தேடி வரும் என்பதால் அங்கேயே பதுங்கிச் சுடுவது எளிது. அதனாலேயே அது பெருந்தவறாக முடிகிறது. சுடப்பட்ட விலங்கு தண்ணீரிலோ அதன் ஓரத்திலோ விழுந்து அழுகினால், பாறைக்குழியில் தேங்கிய சிறிதளவு நீர் அப்பகுதியின் பிற உயிர்களுக்குப் பயன்படாமல் போய்விடும். அந்தப் பாறைக்குழிகளில் பல, பழங்குடி மக்களுக்குப் புனிதமானவை. ஒட்டகம் விழுந்து செத்து அவை கெட்டுப்போவது அவர்களின் நெடுநாள் குறை. தாகத்தின் வேகத்தை 2009இல் டாக்கர் ரிவர் என்ற சிற்றூர் கண்டது: ஆயிரக்கணக்கான ஒட்டகங்கள் ஊருக்குள் புகுந்து குழாய்களையும் தொட்டிகளையும் உடைத்தன. கால்நடைத் தொட்டிக்கு அருகே கூடாரம் அடிப்பதும் தவறு. மனித வாடை இருந்தால் மாடுகள் தண்ணீருக்கு வராமல் தயங்கி நிற்கும். குறைந்தது அரைக் கிலோமீட்டர் தள்ளித் தங்க வேண்டும். கேட் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஆனால் பண்ணைக்காரர்கள் முதலில் குறைப்படுவது இதைப் பற்றித்தான்.

பயணத்திலேயே உயிர் போகும் வாய்ப்பு வேட்டையில் போவதைவிட அதிகம். கோடையில் நிழலிலேயே 45 பாகையைத் தொடும் நிலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, வண்டி பழுதானால் காத்திருக்கும் நாட்களுக்கும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். வண்டியை விட்டு நடப்பது கூடவே கூடாது. வானிலிருந்து தேடுபவர்களுக்கு வண்டி தெரியும், மனிதன் தெரியமாட்டான். கைப்பேசி பெரும்பாலும் வேலை செய்யாது என்பதால் செயற்கைக்கோள் தொலைபேசியும், ஆபத்தில் இருப்பிடத்தைத் தெரிவிக்கும், பதிவு செய்த அவசர அலைபரப்பியும் கட்டாயம். ஸ்பினிஃபெக்ஸ் புல்வெளியில் ஓட்டும்போது அதன் விதை ரேடியேட்டரில் அடைத்துக்கொள்ளும். பிசின் கசியும் அதன் தாள்கள் வண்டிக்கடியில் புகைக்குழாயின்மேல் திரண்டு, சூடேறித் தீப்பிடிக்கும். சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திக் குனிந்து பார்த்துக் கையால் இழுத்துப் போடாமல் வண்டியையே இழந்தவர்கள் உண்டு. கரிசல் மண்ணில் ஒரு மழை பெய்தால் சக்கரம் உருளாது; மூடப்பட்டிருக்கும் ஈரமான மண்பாதையில் வண்டி ஓட்டி அதைக் கிழித்தால் அபராதமும் விழும். நமக்கு நன்கு தெரிந்த பார்த்தீனியம் குயின்ஸ்லாந்துக்கும் பெரும் தொல்லை. டயரில் ஒட்டிய சேற்றோடு அது பண்ணைவிட்டுப் பண்ணை போகிறது. நுழையும் முன் வண்டியைக் கழுவிக்கொண்டு வருபவருக்கு அடுத்த முறையும் அனுமதி கிடைக்கும்.

கடைசியாக, அறுக்கும் வேலை. கையுறை இல்லாமல் பன்றியைக் குடல் நீக்குவதால் புருசெல்லோசிஸ், லெப்டோஸ்பைரோசிஸ் ஆகிய பாக்டீரியா நோய்கள் தொற்றுகின்றன. பன்றி வழிப் புருசெல்லா வேட்டைநாய்களையும் தாக்குகிறது. ஆட்டின், மாட்டின் சினை நீரிலிருந்தும் தூசியிலிருந்தும் பரவும் க்யூ காய்ச்சலுக்கு ஆஸ்திரேலியாவில் தடுப்பூசி உண்டு. ஆனால் முன்பே தொற்று ஏற்பட்டவருக்கு அது ஒவ்வாமல் போகும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் செய்த பிறகே போடுவார்கள். புறப்படும் வாரத்தில் கேட்டால் நேரம் போதாது. திரும்பி வந்த இரண்டு மூன்று வாரங்களில் கடும் காய்ச்சலும் தலைவலியும் இரவில் வியர்வையும் வந்தால், எந்த விலங்கை எங்கே அறுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். நகரத்து மருத்துவர் அதை ஃப்ளூ என்றே முதலில் கருதுவார்.