கடல் கெளுத்தியை அணைக் கெளுத்தின்னு நினைச்சு அறுக்காதீங்க

மேட்டூர், பவானிசாகர் அணைக் கெளுத்தியை அறுத்துப் பழகின கை, கோவை உக்கடம் மார்க்கெட்டில் கடல் கெளுத்தி வாங்கும்போதும் அதே தைரியத்தில் போகும். தவறு அங்கேதான் ஆரம்பிக்குது.

முதலில் மீசையை எண்ணுங்க. அணைக் கெளுத்திக்கு நாலு ஜோடி, அதில் ஒன்று மூக்குத் துளையை ஒட்டி இருக்கும். பெரிய கடல் கெளுத்திக்கு மூன்றே ஜோடி. மூக்கோரத்தில் மீசை கிடையாது. விலங்கியலில் இதன் பெயர் நெட்டுமா தலசினா, பழைய நூல்களில் அரியஸ் தலசினஸ். வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். வால் பக்கத்து முதுகில் முள்ளில்லாத கொழுப்புத் துடுப்பு ஒன்று உண்டு. அணை மீனில் அது நீளமாக ஓடும், இதில் சின்னதாக நிற்கும். உச்சந்தலையைத் தடவினால் மண்டை ஓட்டின் சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ண வேண்டாம், ஐஸில் கிடந்தால் மங்கிப் போகும்.

செத்த மீன்தானே என்று முள்ளை அலட்சியம் செய்வதுதான் பெரிய தவறு. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். ஓரமெல்லாம் ரம்பப் பல். விஷம் முள்ளைப் போர்த்திய தோலில் இருப்பதால் மீன் செத்த பிறகும் குத்தினால் கடுக்கும். விறைத்து நிற்கும் முள் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். அதைக் கையால் மடக்கப் பார்க்காதீங்க. தலையைத் தடித்த துணியால் அமுக்கிப் பிடித்து, மூன்றையும் குறட்டால் அடியோடு வெட்டின பிறகே மீதி வேலை. வெட்டின முள்ளைக் குப்பைப் பையில் அப்படியே போட்டால் அள்ள வருபவர் கையில் ஏறும். பழைய டப்பாவில் போட்டு மூடிக் கொடுங்க.

குத்திவிட்டால் சுண்ணாம்பு தடவுவது, கயிறு கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். சூட்டில் இந்த விஷம் கெடும். 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் முக்கி வைத்தால் கடுப்பு குறையும். சூட்டைக் குத்துப்படாத கையை விட்டுப் பார்த்துக்குங்க. வலியில் இருக்கும் கைக்குச் சூடு உறைக்காமல் வெந்துவிடும். முள் ஒடிந்து ஆழமாக இறங்கியிருந்தால் நோண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்து, டெட்டனஸ் தடுப்புக்கான டி.டி. ஊசியும் கேட்டுப் போட்டுக்கணும்.

வாய்க்குள் கோலிக்குண்டு அளவு உருண்டைகள் இருந்தால் மீனுக்கு நோய் என்று சிலர் தூக்கி எறிகிறார்கள். அது முட்டை. ஆண் மீன்தான் முட்டைகளை வாயில் வைத்து, இரை எடுக்காமல் அடைகாக்கும். கர்நாடகக் கரையில் 1980-களில் பர்ஸ் சீன் வலைகள் (மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியில் சுருக்கி இழுக்கும் பெரிய வலைகள்) இந்த ஆண் மீன்களைக் கூட்டம் கூட்டமாக அள்ளியது, அங்கே கெளுத்தி சரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். ருசிக்காக அந்த முட்டை மீனையே கேட்டு வாங்குவதும் தவறுதான்.